முகநரம்புப் பாதுகாப்பா, நரம்புவழிப் பிரிப்பா?

வணக்கம்.

பரோடிட் (காதுக்கு முன்னால் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி) கட்டி அறுவையில் முகநரம்பைக் கையாளும் முறைக்குத் தமிழ்ச் சொல்லாக வந்த “முகநரம்புப் பாதுகாப்பு” என்ற பரிந்துரையைப் பார்த்தேன். நோயாளியிடம் கொடுக்கும் தாளுக்கு அது சரி, படித்ததும் புரியும். அறுவைக் குறிப்பில் எழுத மட்டும் போதாது என்று நினைக்கிறேன். பாதுகாப்பு என்றதும் நரம்பைக் கைபடாமல் மூடி வைப்பதாகத் தோன்றுகிறது, பரோடிட் சுரப்பியிலோ நரம்பைத் தேடிக் கண்டுபிடித்துத் திறந்து வைத்தால்தான் அது தப்பிக்கும்.

அமைப்பு அப்படி. முகத் தசைகளை இயக்கும் முகநரம்பு, அதாவது ஏழாவது மூளை நரம்பு, காதுக்கு அடியில் மண்டையோட்டுத் துளை வழியாக வெளியே வந்து நேரே சுரப்பிக்குள் நுழைகிறது, அங்கே இரண்டாகப் பிரிந்து, அப்புறம் நெற்றி, கண், கன்னம், கீழ்த்தாடை ஓரம், கழுத்து என்று ஐந்து கிளைகளாக விரிகிறது. சுரப்பியை மேல்மடல், ஆழ்மடல் என்று எழுதுகிறோமே, இரண்டுக்கும் நடுவே உறை எதுவும் கிடையாது. நரம்பு ஓடும் தளத்தைத்தான் எல்லையாக வைத்துப் பேசுகிறோம். மருத்துவர் காதின் குருத்தெலும்பு முனையையும் இருவயிற்றுத் தசையின் (தாடைக்கு அடியில் உள்ள தசை) பின்பகுதியையும் அடையாளமாக வைத்து நரம்பின் அடித்தண்டை, அதாவது கிளை பிரியுமுன் உள்ள பகுதியை, தேடுகிறார். அந்த முனையிலிருந்து ஏறக்குறைய 1 செ.மீ. ஆழத்தில், சற்றுக் கீழே கிடைக்கும். பிறகு நுனி மெலிந்த கவ்வியை நரம்பின் மேற்பரப்பை ஒட்டி நுழைத்து, மெல்ல விரித்து, நரம்பு கண்ணுக்குத் தெரிந்த பிறகே மேலே பாலம்போல் நிற்கும் திசுவை வெட்டுகிறார். ஒவ்வொரு கிளைக்கும் இதேதான், விரித்துப் பார்த்து வெட்டுவது.

இந்தச் செயலுக்குத்தான் பெயர் வேண்டும். “நரம்புவழிப் பிரிப்பு” என்று வைக்கலாமா? கட்டி பெரிதாகி அடித்தண்டை மறைக்கும்போது ஒரு கிளையைப் பிடித்துப் பின்னோக்கி வருவார்கள், அதை “பின்னோக்கு நரம்புவழிப் பிரிப்பு” என்று இயல்பாக நீட்டலாம். “நரம்பு பேணல்” என்பதை விளைவுக்கு ஒதுக்குவோம். கண் கிளை பேணப்பட்டது, தாடை ஓரக் கிளை பேணப்படவில்லை என்று தெளிவாக எழுத அது உதவும். புற்று நரம்புக்குள்ளேயே புகுந்துவிட்டால் சில கிளைகளைக் கட்டியோடு எடுக்க வேண்டி வரும். அப்போதும் மற்ற கிளைகளின் வழியே பிரிப்பு நடக்கத்தான் செய்யும்.

“நரம்புக் கண்காணிப்பு” தனியாகவே இருக்கட்டும். கண்ணையும் வாயையும் சுற்றியுள்ள தசைகளில் மின்முனை செருகி, நரம்பு தூண்டப்படும்போது தசை தரும் மின்குறியைக் கவனிப்பது அது. தசைத் தளர்த்தி மருந்தின் வேலை நீடித்தால் அந்தக் குறியை நம்ப முடியாது. கருவி ஓடியது என்பதாலேயே நரம்பு பேணப்பட்டதாக யாரும் வாசித்துவிடக் கூடாது, அதனால்தான் இதில் கறாராக இருக்கிறேன்.

கீழ்த்தாடை உமிழ்நீர்ச் சுரப்பியின் அறுவைக்கு “நரம்புவழிப் பிரிப்பு” என்ற என் சொல் பொருந்தாது. அங்கே தாடை விளிம்புக்கு 2 செ.மீ. அளவாவது கீழே கீறி, தாடை ஓரக் கிளையை அதை மூடிய திசுப்படலத்தோடு மேலே தூக்கி விடுகிறார்கள், பல நேரம் நரம்பைத் தனியாகத் தேடுவதே இல்லை. அதற்கு “நரம்பு விலக்கல்” போதும்.

இன்னொன்று, அறுவைக்குப் பின் வரும் பலவீனத்தை “முகவாதம்” என்று எழுத வேண்டாம். பெரும்பாலும் அது சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும், வாதம் என்ற சொல் நோயாளியைக் கலங்க வைத்துவிடும். “தற்காலிக முகத் தளர்ச்சி” எப்படி? அறுவைக் கூடத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.