தரவைப் பதிகிறவருக்கு என்ன நேர்கிறது? பினாங்கு, கோலாலம்பூர் பணியிட அனுபவங்கள்

பாயான் லெப்பாஸ், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழில் மண்டலம் 1972இல் தொடங்கப்பட்ட காலம் முதல் இங்குள்ள தொழிற்சாலைகளில் எண்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அந்த எண்களை நம்பலாமா என்பதே கேள்வி. நான் முன்பு பணியாற்றிய மின்னணுத் தொழிற்சாலையில் நிர்வாகம் பெரும் செலவில் ஒரு மென்பொருளை வாங்கி, உற்பத்திக் கூடத்தின் வாசலில் அகன்ற திரையொன்றை மாட்டி, இயந்திரங்கள் எப்போது, எதனால் நின்றன என்பதை அதில் காட்டத் தொடங்கியது. இயந்திரம் நின்றால், அதை இயக்குபவர் பக்கத்துக் கணினியில் அதற்கான காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாற்பதுக்கும் மேற்பட்ட காரணங்கள் பட்டியலில் இருந்தும், மாதக் கடைசியில் பாதிக்கு மேல் 'இதர காரணங்கள்' என்றே பதிவாகியிருக்கும்.

தலைமையகத்திலிருந்து வந்தவர்கள் இதைப் பயிற்சிக் குறைபாடு என்று முடிவு கட்டி, வகுப்புக்கு மேல் வகுப்பு நடத்தினார்கள். கூடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். 'இயக்குபவர் பிழை' என்று அழுத்தினால் மறுநாளே விளக்கக் கடிதம் கேட்பார்கள். 'பராமரிப்புத் தாமதம்' என்று அழுத்தினால் பழுதுபார்ப்பவரோடு மனத்தாங்கல் வரும், அடுத்த முறை கூப்பிட்டவுடன் அவர் வரமாட்டார். 'இதர' என்றால் யாருக்கும் வம்பில்லை. ஜப்பானியத் தொழில்துறையினருக்கு 1950இல் தரக் கட்டுப்பாடு குறித்து விரிவுரை ஆற்றிய அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் பிற்காலத்தில் வகுத்த 14 கோட்பாடுகளுள், பணியிடத்திலிருந்து அச்சத்தை விரட்ட வேண்டும் என்பதும் ஒன்று. அந்த 14 கோட்பாடுகளையும் கண்ணாடிச் சட்டம் போட்டு எங்கள் கூட்ட அறையிலேயே மாட்டியிருந்தார்கள் என்பது வேறு கதை.

பிறகு வந்த ஆலை மேலாளர் மென்பொருளில் கை வைக்கவில்லை. காலைக் கூட்டத்தில் 'யார்' என்று எவரும் கேட்கக்கூடாது, எந்த இயந்திரம், எந்த நேரம், அதற்கு முன் என்ன மாற்றப்பட்டது என்று மட்டுமே கேட்கலாம் என்றார். காரணப் பட்டியலைப் பத்துப் பன்னிரண்டாகச் சுருக்கி, மலாய், நேப்பாளி, வங்காள மொழிகளிலும் எழுதி வைக்கச் செய்தார். அடுத்த இரண்டு மாதங்களில் திரையிலிருந்த எண்கள் மோசமாயின. முன்பு மறைந்திருந்த நிறுத்தங்கள் இப்போது பதிவாகின்றன என்பதைத் தலைமையகத்துக்குப் புரியவைக்க அவர் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தேன். அந்த இரண்டு மாதங்களில் அவர் பணிந்து போயிருந்தால், 'இதர' மறுபடியும் முதலிடத்துக்கு வந்திருக்கும்.

பயன் கிடைத்தது ஒரு சிறிய விஷயத்தில். சில்லுகளைப் பலகையில் பொருத்தும் இயந்திரங்கள், காலை ஷிப்ட் மாறிய அரை மணி நேரத்துக்குள் அடிக்கடி நின்றன. இரவு ஷிப்டினர் போகுமுன் அவசரமாகப் புது ரீலை (சில்லுகள் அடங்கிய நாடாச் சுருளை) பழைய ரீலோடு ஒட்டிவிட்டுப் போவதும், அந்த ஒட்டு கோணலாகி, நாடாவை இயந்திரத்துக்குள் செலுத்தும் பகுதியில் சிக்குவதும்தான் காரணம். கோணாமல் ஒட்டுவதற்கு ஒரு கருவி வாங்கிக் கொடுத்ததும் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. இதைக் கண்டுபிடித்தது எங்கள் பிரிவின் ஆய்வாளர்கள் அல்லர். இயக்குபவர்கள் அழுத்திய பதிவுகளை வாரந்தோறும் வரைபடமாக அவர்களுக்கே காட்டியபோது, வரிசையில் நின்ற ஒரு நேப்பாளத் தம்பிதான் சொன்னார்.

கோலாலம்பூர், ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து

அண்ணன் எழுதிய 'இதர' எங்கள் அலுவலகத்தில் வேறு உருவில் வந்தது. விற்பனை விலைப்பட்டியலை (இன்வாய்ஸ்) மின்னணு முறையில் வருமான வரி வாரியத்துக்கு அனுப்பும் இ-இன்வாய்ஸ் முறை, மலேசியாவில் 2024 ஆகஸ்ட் 1 அன்று 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்பனையுள்ள நிறுவனங்களிலிருந்து தொடங்கியது. 2025 ஜனவரி 1 அன்று, இரண்டரைக் கோடிக்கு மேல் விற்பனையுள்ள எங்களைப் போன்றவர்களின் முறை வந்தது. வாங்குபவரின் வரி எண், பதிவு எண், முகவரி எல்லாம் சரியாக இருந்தால்தான் விலைப்பட்டியல் தேறும் என்ற நிலை வந்ததும், விற்பனை, கிடங்கு, கணக்கு, முதலாளியின் செயலாளர் என்று நான்கு இடங்களில் நான்கு வாடிக்கையாளர் பட்டியல்கள் இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது.

அவற்றை ஒன்றாக்கியபோது கண்டவற்றில் சில: ஒரே மளிகைக் கடைக்காரர், தந்தை பெயருக்கு முன் 'ஏ/எல்' ('மகன்' என்பதன் மலாய்ச் சுருக்கம்) போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை, தந்தை பெயரையே குடும்பப் பெயராக்கி இன்னொரு முறை என மூன்று ஆட்களாக இருந்தார். 2001க்கும் 2009க்கும் இடையில் பிறந்தவர்களின் அடையாள அட்டை எண்கள் பூஜ்ஜியத்தில் தொடங்குவதால், எக்செல் அதை விழுங்கி 12 இலக்கத்தை 11 ஆக்கியிருந்தது. வரி எண் கிடைக்காத இடங்களிலெல்லாம், பொதுமக்களுக்கென வருமான வரி வாரியம் ஒதுக்கிய பொது எண்ணைக் கிராணிகள் (எழுத்தர்கள்) நிரப்பியிருந்தார்கள். கணினி மறுக்காது, மேலதிகாரியும் கேட்கமாட்டார். பின்னால், தம் வரி எண் இல்லாத அந்த விலைப்பட்டியலை வைத்துக் கடைக்காரர் செலவுக் கணக்குக் காட்டப்போகும்போதுதான் வினை தெரியும்.

பிழைகளைத் திருத்துவது சுலபம். விற்பனையாளர்களிடமிருந்து சரியான விவரத்தைப் பெறுவதுதான் பெரும்பாடாக இருந்தது. வாடிக்கையாளர்களின் எண்களை அவர்கள் தங்கள் வாட்ஸ்அப்பிலேயே பொத்தி வைத்திருந்தார்கள். பொதுப் பட்டியலில் போட்டுவிட்டால் நாளை வேறொருவர் அந்தக் கடைக்குப் போய் ஆர்டர் எடுத்துக் கமிஷனையும் வாங்கிக்கொள்வார் என்ற அச்சம் அவர்களுக்கு. முன்பு அப்படி நடந்தும் இருக்கிறது. சுற்றறிக்கைகள் எதுவும் வேலைக்கு ஆகவில்லை. கடையை முதலில் கொண்டுவந்தவர் யார் என்ற விவரம் பதிவிலேயே இருக்கும், கமிஷன் அதன்படியே கணக்கிடப்படும் என்று முதலாளி எழுதிக் கொடுத்த பிறகுதான் எண்கள் வரத் தொடங்கின. என்னைக் கேட்டால், பட்டறை நடத்தும் ஆலோசகர்களை அழைப்பதற்கு முன் நிறுவனங்கள் தங்கள் கமிஷன் விதிகளை ஒரு முறை படித்துப் பார்க்கலாம்.

கோலாலம்பூர், மனிதவளப் பிரிவிலிருந்து

இருவர் எழுதியதோடும் தொடர்புடைய ஒன்றைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்களின்படி, 2025 ஜூன் 1 முதல் கடுமையான பாதிப்பை உண்டாக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண், ஊழியர்களின் சம்பளப் பட்டியலைத் தவறான வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டு, சில நிமிடங்களிலேயே எங்களிடம் ஓடிவந்து சொன்னார். குழுவிலிருந்து அதை நீக்கி, யார் யார் பார்த்தார்கள் என்று விசாரித்து, சட்ட ஆலோசகரைக் கேட்டு முடிவெடுக்க நேரம் இருந்ததற்கு ஒரே காரணம் அவர் உடனே சொன்னதுதான்.

அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகத்தில் ஒரு சாரார் நின்றார்கள். கடிதம் கொடுத்தால் அடுத்தவர் திங்கட்கிழமை வரை வாய் திறக்கமாட்டார், அதற்குள் 72 மணி நேரம் ஓடிவிடும் என்று நான் வாதிட்டேன், கடிதம் கைவிடப்பட்டது. ஆனால் அண்மையில் வேறோர் ஊழியர் இதே தவறை இரண்டாம் முறை செய்திருக்கிறார், அவரும் இரண்டு முறையும் தாமாகவே வந்து சொன்னார். சம்பளக் கோப்புகளைக் கைபேசியில் திறக்க முடியாதபடி பூட்டுவது ஒரு வழி என்று தகவல் தொழில்நுட்பப் பிரிவு சொல்கிறது, நிர்வாகமோ இம்முறை கடிதம் கொடுத்தே தீர வேண்டும் என்கிறது. வருகிற வாரம் கூட்டம். இப்படியொரு நிலைமையைச் சந்தித்தவர்கள், தாமாக வந்து சொன்னவரை எப்படி நடத்தினீர்கள் என்றும், அதன்பின் மற்றவர்கள் சொல்வது குறைந்ததா கூடியதா என்றும் எழுதினால் கூட்டத்துக்கு எடுத்துச் செல்வேன்.