டோக்கியோவின் ஹிதோட்சுபாஷி பல்கலைக்கழகம்: போகிறவர்களுக்கு, போய் வந்தவர்கள் சொல்வது

இளங்கலைப் பிரிவிலிருந்து:

முதலில் ஸ்டேஷன் விஷயம். செய்பு என்ற தனியார் ரயிலில் 'ஹிதோட்சுபாஷி ககுயென்' என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. பெயரை நம்பி அங்கே இறங்கிவிடாதீர்கள். அது கோதைரா வளாகத்துக்கான ஸ்டேஷன். வெளிநாட்டு மாணவர் விடுதிக்குப் போகத்தான் பயன்படும். இளங்கலை வகுப்புகளும் பெரிய நூலகமும் இருப்பது குனிதாச்சியில். ஜேஆர் ரயில் நிறுவனத்தின் சூவோ லைனில் குனிதாச்சி ஸ்டேஷனில் இறங்கி, தெற்கு வாசல் வழியாக வெளியே வந்து, செர்ரியும் ஜிங்கோவும் நிற்கும் அகலமான தெருவில் நேராக நடந்தால் வளாகம் வந்துவிடும். டோக்கியோவின் பெரிய ஸ்டேஷனான ஷின்ஜுகுவில் ஏறும்போது பலகையைப் பார்த்து ஏறுங்கள். 'ரேப்பிட்' குனிதாச்சியில் நிற்கும், 'ஸ்பெஷல் ரேப்பிட்' நிற்காது. கொகுபுன்ஜியை விட்டால் அது அடுத்து நிற்பது தச்சிகாவாவில்தான். தேர்வு நாளில் இதில் அரை மணி போனால் மனசும் சேர்ந்து கலங்கிவிடும். தவறினால் பதற வேண்டாம், தச்சிகாவாவிலிருந்து எதிர்த் திசையில் ஒரே ஒரு ஸ்டேஷன்தான்.

எம்பிஏ பிரிவிலிருந்து:

மேலே சொன்னது எங்களுக்குப் பொருந்தாது. முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் எம்பிஏ, நகர மையத்திலுள்ள சியோதா வளாகத்தில் நடக்கிறது. ஜின்போச்சோ அல்லது தகேபாஷி ஸ்டேஷன். ஆசியப் பொதுக்கொள்கை முதுகலையும் ஆங்கிலவழிதான். 1923 நிலநடுக்கத்தில் கட்டடங்கள் சேதமாகும்வரை இந்தப் பல்கலைக்கழகத்தின் முன்னோடியான வணிகப் பல்கலைக்கழகம் இந்தப் பகுதியில்தான் இருந்தது. குனிதாச்சிக்குப் போனது அதன் பிறகு. ஆங்கிலவழி என்று கேள்விப்பட்டு எல்லாத் துறைக்கும் விண்ணப்பிப்பவர்கள் கவனிக்க: குனிதாச்சியின் பெரும்பாலான முதுகலை வகுப்புகள் ஜப்பானிய மொழியில்தான்.

முதுகலை ஆய்வு மாணவர்:

இந்தப் பல்கலைக்கழகத்தின் உயிர் செமினார்தான். அங்கே 'ஜெமி' என்பார்கள். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் ஒரே ஆசிரியரிடம் சிறு குழுவாகப் படித்து, கடைசியில் ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டும். படிக்கும் நூலில் ஒரு அத்தியாயத்தைப் பொறுப்பெடுப்பவர் 'ரெஜூமே' என்ற குறிப்புத்தாளைத் தயாரித்து எல்லோருக்கும் கொடுப்பார். புதிதாக வருபவர்கள் தடுக்குவது இங்கேதான். அத்தியாயத்தைச் சுருக்கி நிறுத்திவிட்டால் விவாதம் எழாது. நூலை எழுதியவர் எங்கே சறுக்குகிறார், எந்தத் தரவு போதவில்லை என்று இரண்டு மூன்று கேள்விகளாவது தாளின் கடைசியில் இருக்க வேண்டும்.

முதுகலைக்கு வருபவர்களும் பாடத்தைவிட ஆசிரியரை முதலில் தேடுங்கள். ஒரே மடலை ஐந்து பேருக்கு அனுப்பினால் எதற்கும் பதில் வராது. அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, உங்கள் கேள்வி அதிலிருந்து எங்கே பிரிகிறது என்று ஒரு பத்தி எழுதி, ஆய்வுத் திட்டத்தோடு அனுப்புங்கள். 'கென்கியூசெய்' என்ற ஆய்வு மாணவராகச் சேர்வது பட்டப்படிப்பு அல்ல. அதன் பிறகும் நுழைவுத் தேர்வு உண்டு. பலர் இதை வந்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள், அது பெரிய வருத்தம்.

பொருளாதார வரலாறு படிப்பவர்கள் நூலகத்தை விட்டுவிடாதீர்கள். ஆஸ்திரியப் பொருளியலாளர் கார்ல் மெங்கரின் சொந்த நூல் சேகரிப்பு இங்கேதான் இருக்கிறது. இப்படி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அபூர்வம். பழைய நூல்கள் திறந்த அலமாரியில் இருக்காது. முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

செலவு பற்றி:

தேசியப் பல்கலைக்கழகங்களின் பொதுவான ஆண்டுக் கட்டணம் 5,35,800 யென். இங்கே 2020 முதல் சேரும் இளங்கலை மாணவர்களுக்கு 6,42,960 யென், அதாவது 20% கூடுதல். பழைய பதிவுகளைப் பார்த்துக் கணக்குப் போட்டால் துண்டு விழும். பகுதிநேர வேலை அனுமதியை வந்திறங்கும் விமான நிலையத்திலேயே கேட்டு வாங்கலாம். வகுப்பு நாட்களில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் உச்சவரம்பு. வீடு கிடைத்த 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிந்து, அப்போதே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடுங்கள். சேர்ந்தால் மருத்துவச் செலவில் 30% மட்டுமே உங்கள் கையிலிருந்து போகும். விடுதி கோதைராவில் என்றால் அந்த நகராட்சி, குனிதாச்சியில் அறை எடுத்தால் குனிதாச்சி நகராட்சி. இடம் மாறினால் இரண்டு இடத்திலும் சொல்ல வேண்டும்.