டியூன் பைப் எவ்ளோ நீளம் வைக்கணும்?

பட்டர்வொர்த் தம்பி: அண்ணே, என் மாடல் விமானத்தோட 40 சைஸ் (0.40 கன அங்குல) டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல சாதா மஃப்ளர கழட்டிட்டு டியூன் பைப் (பவர் ஏத்துறதுக்கு நீளம் கணக்கு பண்ணி வைக்கிற எக்ஸாஸ்ட் குழாய்) போட்டேன், தரையில சத்தம்தான் ஏறுது ஆர்பிஎம் ஏறல, பைப்ப வெட்டணுமா?

செந்தூல் அண்ணன்: உடனே வெட்டாத லா. பைப்புக்குள்ள போற அலை திரும்பி வந்து, எக்ஸாஸ்ட் போர்ட் (சிலிண்டர்ல புகை வெளிய போற வழி) மூடுறதுக்குள்ள வெளிய தப்பிச்ச கலவைய திருப்பி உள்ள தள்ளணும், அதான் அதோட வேலையே. நீளமா இருந்தா கம்மி ஆர்பிஎம்லயே பைப் பிடிக்கும் (அலை சரியான நேரத்துக்கு வந்து பவர் ஏறும்), குட்டையானா அதிக ஆர்பிஎம்ல. மொதல்ல சின்ன ப்ராப் (சுத்துற விசிறி) போட்டு பாரு, அப்பவும் ஏறலன்னா ஹெடர (இன்ஜினையும் பைப்பையும் சேர்க்குற குழாய) 3 மில்லிமீட்டர் 3 மில்லிமீட்டரா வெட்டு, வெட்டினத ஒட்ட முடியாது.

பிறை விமானி: வெட்டுறப்பலாம் நீடில (எரிபொருள் அளவ மாத்துற ஊசிய) கொஞ்சம் ரிச்சா, அதாவது எரிபொருள் கூடுதலா போற மாதிரி திறந்துக்க, லீனா (எரிபொருள் கம்மியா) ஓட்டினா பிஸ்டன் காலி. தரையில பிடிக்கலன்னு பாக்காத, மேல போனா ப்ராப் லோடு குறையும், அப்பதான் பிடிக்கும்.

பட்டர்வொர்த் தம்பி: சரிண்ணே, 10க்கு 6 ப்ராப்ப (10 இஞ்ச் விட்டம், 6 இஞ்ச் பிட்ச்) கழட்டிட்டு 9க்கு 6 போட்டு பாக்குறேன்.