விக்ரம் படங்கள் ஏன் வசூலில் சறுக்குகின்றன?

பொருநைக்கரையான்:
‘விக்ரமுக்கு மார்க்கெட் போச்சு’னு நேத்து ஒருத்தர் ஒரே வரியில எழுதிட்டுப் போயிட்டார். மனசு கேக்கல, அதான் தனித் திரி போடுறேன். சேது வாங்க ஆளில்லாம கிடந்து, 1999 டிசம்பர்ல வெளிவந்து, பார்த்தவங்க வாய்வழியா சொல்லியே ஓடின படம். 2003ல தூள், சாமி ரெண்டும் வசூல்ல அடிச்சு நொறுக்குச்சு. அதே வருஷம் தீபாவளிக்கு வந்த பிதாமகனுக்கு தேசிய விருது. இப்படிப்பட்ட ஆளோட படம் ஓடலைன்னா குத்தத்தை நடிப்புல தேடாதீங்க, காலண்டர்ல தேடுங்க. மஜா 2005 தீபாவளி, அடுத்த படம் பீமா 2008 பொங்கல். டேவிட் 2013 பிப்ரவரி, அடுத்து ஐ 2015 பொங்கல். கடாரம் கொண்டான் 2019 ஜூலையில வந்ததுக்கு அப்புறம் அவரை தியேட்டர்ல பார்க்க 2022 ஆகஸ்ட் கடைசி வரைக்கும் காத்திருந்தோம். நடுவுல மகான் நேரா ஓடிடிக்குப் போயிடுச்சு. துருவ நட்சத்திரத்துக்கு 2023 நவம்பர் 24னு தேதி போட்டும் வரல. காலேஜ்ல சேர்ந்த பையன் டிகிரி முடிச்சு வேலைக்கே போயிடுறான். ரசிகர் கூட்டம் எப்படிங்க சேரும்?

நேர்கோடு:
தேதிதான் காரணம் என்றால் ஐ முதல் நாளே படுத்திருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து வந்த படம், பொங்கலுக்குக் கூட்டம் அலைமோதியது. ராஜபாட்டை, தாண்டவம், பத்து எண்றதுக்குள்ள, சாமி ஸ்கொயர் எல்லாம் எந்தத் தேதியில் வந்திருந்தாலும் அதே கதிதான். திரைக்கதை பலமில்லை, அதைத் தேர்ந்தெடுத்தவர் அவர்.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. விக்ரம் என்றாலே எழுதுகிறவர்கள் முதலில் கெட்டப்பைத்தான் யோசிக்கிறார்கள். அந்நியனில் மூன்று முகங்களுக்கும் கதைக்குள்ளேயே வேர் இருந்தது. அம்பியால் வெளியே காட்ட முடியாத கோபம் அந்நியனாகவும், சொல்ல முடியாத காதல் ரெமோவாகவும் வந்தது. கோப்ராவில் அத்தனை வேஷமும் கதைக்கு எதற்கு? மூன்று மணி மூன்று நிமிடம் ஓடும் படத்தை, வெளியான பிறகு 20 நிமிடம் வெட்டினார்கள். முதல் நாள் காசு கொடுத்துப் பார்த்தவன் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பான் என்று யோசியுங்கள். உழைப்பை நான் மதிக்கிறேன். ஐ படத்துக்காக அவர் உடம்பை அப்படி இளைத்ததைப் பார்த்து உறைந்துபோனவன் நான். ஆனால் உழைப்புக்காக யாரும் இரண்டாவது முறை டிக்கெட் எடுப்பதில்லை.

டிக்கெட் கவுண்டர்:
ரெண்டு பேரும் ‘ஓடல’ங்கற வார்த்தைய ஒரே அர்த்தத்துல சொல்றீங்க. எங்க சித்தப்பா ஈரோடு பக்கம் ஒரு தியேட்டர லீசுக்கு எடுத்து நடத்துனாரு, சனி ஞாயிறு நான்தான் கவுண்டர்ல. எங்களுக்கு ஓடாத படம் ரெண்டு வகை. ஒண்ணு, ஜனமே வராதது. இன்னொண்ணு, ஜனம் வந்தும் வாங்குன விலைக்குக் கட்டாதது.

சும்மா கணக்குக்குச் சொல்றேன். ஒரு ஏரியாவ மூணு கோடி எம்.ஜி. (மினிமம் கேரண்டி, படம் ஓடுனாலும் ஓடலைன்னாலும் திரும்பி வராத பணம்) குடுத்து எடுக்கறாங்கன்னு வைங்க. தியேட்டர் பங்கெல்லாம் போக ஷேர் ரெண்டு கோடிதான் வருது. ஒரு கோடி நஷ்டம், படம் ஃபிளாப். அதே படம் ஒன்றரைக் கோடிக்குப் போயிருந்தா அந்த ரெண்டு கோடிக்கே ஹிட்டுன்னு போஸ்டர் ஒட்டியிருப்பாங்க. பார்த்த கூட்டம் ஒண்ணுதான்.

அந்த விலை ஏன் ஏறுதுன்னா, வருஷக்கணக்குல ஷூட்டிங், தினமும் மணிக்கணக்குல மேக்கப், செட்டு, அதுக்கு மேல ஃபைனான்ஸ் வட்டி. படம் தள்ளிப்போகப் போக வட்டி குட்டி போடும். தங்கலான் 2024 ஜனவரிக்குன்னு சொல்லி ஆகஸ்ட் 15க்குத்தான் வந்துச்சு. அதனால பொருநை அண்ணன் சொல்ற காலண்டரும் நிசம்தான், ஆனா அது ரசிகன் மறக்கறதால இல்லீங்க.

கவுண்டர்ல கத்துக்கிட்டது இன்னொண்ணு இருக்கு. மேட்னி விட்டு வர்றவங்கள அடுத்த ஷோவுக்கு நிக்கறவங்க ‘படம் எப்படிங்க?’ன்னு கேப்பாங்க. ‘செமயா இருக்கு, போங்க’ன்னு வந்தா ரெண்டு வாரம் கவலையில்ல. ‘விக்ரம் பின்னிட்டாப்ல’ன்னு வந்தா எனக்கு வயித்தக் கலக்கும். படத்தக் கேட்டா ஆளப் பத்திச் சொல்றாங்களே, திங்கக்கிழமை தாங்காது. அவரு படத்துக்குத்தான் அந்தப் பதில நான் அதிகமா கேட்டிருக்கேன்.

செவ்வந்தி:
டிக்கெட் கவுண்டர் அண்ணா, அந்தக் கடைசிப் பத்தி எங்க வீட்டுக்கு அப்படியே பொருந்துது. சாமி படத்துக்கு நாங்க எட்டு பேர் போனோம், பாட்டி உட்பட. பிதாமகனுக்கு அம்மா வரலைன்னுட்டாங்க. “சுடுகாட்டுல ஆரம்பிச்சு ரத்தத்துல முடியுமாம், எனக்கு ராத்திரி தூக்கம் வராது”ன்னாங்க. நான் பார்த்துட்டு ரெண்டு நாள் சரியா சாப்பிடல, அவ்வளவு பிடிச்சது. ஆனா போனது நான் ஒருத்திதான். 2011ல தெய்வத்திருமகளுக்குத் திரும்ப வீடே கிளம்புச்சு.

ஒரு வீட்டுல தியேட்டருக்குப் போறதா வேண்டாமான்னு முடிவு பண்றது சினிமா பைத்தியம் இல்லைங்க, ரொம்பத் தயங்குற ஆள்தான். இந்தத் தடவை எந்த விக்ரம் வருவார்னு எங்க அம்மாவுக்கு முன்கூட்டியே தெரியாது. தங்கலானுக்கு நான் தனியாத்தான் போனேன். பார்வதியும் அவரும் சேர்ந்து வர்ற காட்சியெல்லாம் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஆனா முதல் அரைமணி நேரம் வசனத்துல பாதி எனக்கே பிடிபடல. அம்மாவைக் கூட்டிட்டுப் போயிருந்தா நானே பக்கத்துல உக்காந்து விளக்கம் சொல்லிட்டு இருந்திருப்பேன்.

நேர்கோடு:
செவ்வந்தி சொன்னதை ஏற்கிறேன். என் வாதத்துக்கு ஒரு சான்று: கோப்ரா வந்தது 2022 ஆகஸ்ட் 31. பொன்னியின் செல்வன் முதல் பாகம் செப்டம்பர் 30. முப்பதே நாளில் அதே நடிகர், அதே மக்கள். அங்கே அரங்கம் காலி, இங்கே தாத்தா பாட்டியெல்லாம் வந்தார்கள். அதில் அவர் நடித்த ஆதித்த கரிகாலனுக்குக் கதை கொடுத்த இடம் குறைவு. அந்த இடத்தில் அவர் எரிந்தார்.

பொருநைக்கரையான்:
இதை ஒத்துக்க மாட்டேன் நேர்கோடு. பொன்னியின் செல்வனுக்கு மூணு தலைமுறையா வாசகர் கூட்டம் காத்துக்கிடந்துச்சு. மணிரத்னம், கார்த்தி, ஜெயம் ரவி, ஐஸ்வர்யா ராய், த்ரிஷா எல்லாரும் சேர்ந்து தூக்கின பல்லக்கு அது. தனியா ஒருத்தர் தோள்ல தூக்குற படத்தோட அதை நிறுத்துப் பார்க்குறது நியாயமே இல்ல.

கதைதான் எல்லாம்னா வீர தீர சூரனுக்கு என்ன பதில்? மதுரையில ஒரே ராத்திரி, மளிகைக்கடை காளி. வேஷம் கிடையாது, அலங்காரம் கிடையாது. நீங்க கேட்ட விக்ரம்தானே அது? 2025 மார்ச் 27 காலைக் காட்சிக்கு பாளையங்கோட்டையில நான் வாசல்ல நிக்குறேன். டெல்லி உயர் நீதிமன்றத் தடைன்னு காலைக் காட்சி இல்ல, மதியமும் இல்ல. சாயங்காலம்தான் படம் போட்டாங்க. அதே நாள் மோகன்லாலோட எம்புரான் ரிலீஸ், ரெண்டு வாரத்துல அஜித்தோட குட் பேட் அக்லி. ஒண்ணாம் பாகம் வராமலே பேர்ல ‘பாகம் 2’. ஒண்ணாம் பாகம் எப்ப வந்துச்சுன்னு என் கூட வேலை பார்க்குறவர் என்கிட்டயே கேட்டார். இதுல எதுக்கு அவர் நடிப்பும் கதைத் தேர்வும் பொறுப்பு?

டிக்கெட் கவுண்டர்:
அந்தப் படத்துக்கு நீங்க சொல்றது சரிதாங்ண்ணா. முதல் நாள் ரெண்டு ஷோ போச்சுன்னா அது ரெண்டு ஷோ காசு மட்டும் இல்ல. மதியத்துக்குள்ள போன்ல பரவ வேண்டிய பேச்சு பரவல. ஆனா தாண்டவத்துக்கு எந்தக் கோர்ட்டும் இல்ல, ராஜபாட்டைக்கும் இல்ல. இருபது வருசத்துல ஒரு படத்துக்கு நடந்தத வெச்சு மத்ததயெல்லாம் மூடிப் போட முடியாதுங்ண்ணா.

நேர்கோடு:
வீர தீர சூரன் நல்ல படம், அதில் எனக்கு மறுப்பில்லை. சேதுவும் வெளிவர வழியில்லாமல் கிடந்த படம்தான், ஆனால் அது நின்று ஓட அன்றைக்கு வாரங்கள் கிடைத்தன. இன்றைக்கு வெள்ளிக்கிழமை விட்டதைத் திங்கட்கிழமை பிடிக்க முடிவதில்லை. இந்த ஒரு படத்துக்கு மட்டும் பொருநைக்கரையான் சொல்வதை முழுதாக ஏற்கிறேன். மற்றவற்றுக்கு இல்லை.

செவ்வந்தி:
அந்த மார்ச் 27 காலைக் காட்சிக்கு எங்க வீட்டுல நாலு டிக்கெட் புக் பண்ணியிருந்தேன், ட்ரெய்லர் பார்த்துட்டு அம்மாவும் வர்றேன்னாங்க. காட்சி ரத்தாச்சு, காசு திரும்பி வந்துச்சு, அப்புறம் யாரும் கிளம்பல. ஓடிடியில வந்தப்போ ஒரு ஞாயித்துக்கிழமை போட்டேன். அம்மா பாதியில எழுந்திருக்கவே இல்ல. முடிஞ்சதும் “இதை ஏண்டி தியேட்டர்ல காட்டல?”ன்னு கேட்டாங்க.

பொருநைக்கரையான்:
அடுத்த படம் தேதி போட்டா இங்கயே முதல்ல சொல்றேன்மா. அம்மாவுக்கும் சேர்த்து புக் பண்ணுங்க.