ரெயில்ஸ்: ஆர்டர் லிஸ்ட்ல கஸ்டமர் பேர் காட்டப் போனா மூணாவது பக்கம் எரர் அடிக்குது

கேள்வி:
வணக்கம். சித்தப்பா ஜவுளிக் கடைக்கு ரெயில்ஸ்ல (ரூபி மொழில வெப் ஆப் எழுதுற ஃப்ரேம்வொர்க்) ஒரு ஆர்டர் ஆப் எழுதிட்டு இருக்கேன். ஒவ்வொரு ஆர்டரும் ஒரு கஸ்டமருக்குச் சொந்தம்னு ஆர்டர் மாடல்ல பிலாங்ஸ் டூ, ஒரு கஸ்டமருக்குப் பல ஆர்டர்னு கஸ்டமர் மாடல்ல ஹேஸ் மெனி ரெண்டும் போட்டாச்சு. ஆனா லிஸ்ட்ல பேர் வர வேண்டிய இடத்துல 17, 42னு வெறும் ஐடி நிக்குது, சரின்னு வியூல (பக்கத்தைக் காட்டுற ஃபைல்) ஆர்டர் டாட் கஸ்டமர் டாட் நேம்னு மாத்துனேன், முதல் ரெண்டு பக்கம் சூப்பரா வந்துச்சு, மூணாவது பக்கம் போனா நில்லுக்கு (ஒண்ணுமே இல்லாத வெற்று மதிப்பு) நேம்னு மெத்தடே இல்லன்னு பக்கம் மொத்தமா விழுந்துடுது. ரெண்டு நாளா இதே வேலையா இருக்கேன், யாராச்சும் சொல்லுங்க.

பதில் 1:
ப்ரோ நீங்க எழுதுனது சரிதான், டேட்டாலதான் ஓட்டை. அந்தப் பக்கத்துல ஏதோ ஒரு ஆர்டருக்கு கஸ்டமரே இல்ல. இப்போதைக்கு கஸ்டமருக்கு அப்புறம் வெறும் புள்ளிக்குப் பதிலா &. போடுங்க, ரூபி 2.3ல இருந்தே இருக்கு, நில்லா இருந்தா அந்தக் கட்டம் காலியா வரும், பக்கம் விழாது.

பதில் 2:
அதோட விட்டுடாதீங்க தம்பி. கடைக் கணக்குல பேர் இல்லாத பில் இருந்தா நாளைக்கு யார்கிட்ட போய் பாக்கி கேப்பீங்க? ரெயில்ஸ் 6.1 இல்ல அதுக்கு மேலன்னா கன்சோல்ல வேர் டாட் மிஸ்ஸிங்ல கஸ்டமரைக் குடுத்துப் பாருங்க, அநாதையா நிக்கிற ஆர்டர் எல்லாம் வரிசையா வந்துடும். ரெயில்ஸ் 5ல இருந்து பிலாங்ஸ் டூ கஸ்டமர் கட்டாயம்னு கேக்கும்தான், ஆனா சேவ் பண்றப்ப மட்டும். பல வரிகளை ஒரே அடியா ஏத்துற இன்சர்ட் ஆல்ல ஏத்துனா வேலிடேஷனே (அந்தச் சரிபார்ப்பு) ஓடாது. டேட்டாபேஸ்லயே ஃபாரின் கீயும் (இல்லாத கஸ்டமர் ஐடியை ஏத்துக்காது) நாட் நல்லும் (கட்டத்தைக் காலியா விடாது) போட்டாதான் எனக்கு நிம்மதி.

பதில் 3:
இன்னொண்ணு, ஆப் என்னென்ன பண்ணுச்சுன்னு பதிவாகிற லாகைத் திறந்து பாருங்க. பக்கத்துக்கு 50 ஆர்டர், 50 பேரும் வேற வேற கஸ்டமர்னா ஆர்டருக்கு ஒரு க்வெரி (டேட்டாபேஸ்கிட்ட கேக்குற கேள்வி), பேருக்கு 50, மொத்தம் 51 ஓடும். கன்ட்ரோலர்ல இன்க்ளூட்ஸ் கஸ்டமர்னு ஒரு வார்த்தை சேருங்க, ரெண்டே க்வெரில முடிஞ்சுடும். வியூல ஒண்ணும் மாத்த வேணாம்.

கேட்டவர்:
அண்ணா கண்டுபிடிச்சுட்டேன்! 6 ஆர்டர் மாட்டுச்சு, ஆறுமே பழைய எக்செல்ல இருந்து இன்சர்ட் ஆல்ல ஏத்துனது, அதுல கஸ்டமர் கட்டம் காலி. சித்தப்பா பில் புக்கைப் புரட்டி 5 பேரைச் சொல்லிட்டாரு, ஒண்ணு மட்டும் தேடிட்டு இருக்காரு, அது கிடைச்சதும் நாட் நல் போட்டுடறேன். லாக்ல கஸ்டமர் லோட்னு சரம் சரமா ஓடுன இடத்துல இப்ப ரெண்டே வரிதான். மூணு பேருக்கும் ரொம்ப நன்றி.