ஊர்க் கடைகளைப் பற்றி எழுதி உங்களுக்கு என்ன கிடைத்தது?

திருமங்கலத்தான்: மதுரைப் பக்கம் இருக்கிற சின்ன மெஸ், இட்லிக் கடை, ராத்திரி பரோட்டாக் கடை பற்றிக் கொஞ்ச நாளாக எழுதி வருகிறேன். சொந்தக் காசில் சாப்பிட்டுத்தான். "இதனால என்ன லாபம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஓசிச் சாப்பாடு தவிர வேறு ஏதாவது யாருக்காவது கிடைத்திருக்கிறதா?

மாசி வீதி: எனக்கு வாடகை வீடு கிடைத்தது. சிரிக்காதீர்கள். சிம்மக்கல் பக்கம் ஒரு மெஸ்ஸைப் பற்றி எழுதியிருந்தேன். அடுத்த தடவை போனபோது கல்லாவில் இருந்த அண்ணன் அடையாளம் கண்டுகொண்டார். பேச்சுவாக்கில் வீடு தேடுவதைச் சொன்னேன். அவர் கடைக்கு வாழை இலை போடுகிறவர் மூலமாக வீடு வந்துவிட்டது, புரோக்கர் கமிஷன் இல்லாமல். இலை, கறி, பால் போடுகிறவர்கள் நுழையாத தெரு ஊரில் கிடையாது.

ஆனால் நான் பெரிதாக நினைப்பது, அடுப்படிக்குள் விட்டார்களே, அதைத்தான். அயிரை மீன் குழம்பு சின்ன வயதிலிருந்து சாப்பிடுகிறேன். விரல் நீளம்கூட இல்லாத அந்த மீனை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்பதை அங்கேதான் பார்த்தேன். உயிரோடு வாங்கிவந்து பால் கலந்த தண்ணீரில் விடுகிறார்கள். வயிற்றில் இருக்கும் மண்ணை மீனே கக்கிவிடுகிறது. அப்புறம் மண்சட்டியில் உப்புப் போட்டு உரசிக் கழுவுகிறார்கள். செத்த மீனில் இந்த வேலை நடக்காது. குழம்பு விலையைப் பார்த்து முனகுகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

அதோடு, எப்போது போவது என்பதும் தெரிந்துவிடும். "கறிதோசைக்கு ஏழு மணிக்கு மேல வாங்க, கல்லு அப்பத்தான் பதத்துக்கு வரும்" என்று மாஸ்டரே சொல்லிவிடுவார்.

கணக்கன்: ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன், அதனால் ஓசி பற்றி ஒரு வார்த்தை. 2022 ஜூலை 1 முதல் வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் பிரிவு வந்தது. தொழில் சம்பந்தமாக ஒருவருக்குத் தரும் சலுகை ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால், தருபவர் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். ஆண்டு விற்பனை ஒரு கோடிக்குள் இருக்கும் தனிநபர் கடைக்கு விலக்கு உண்டு, ஆகவே மெஸ்காரர் பயப்பட வேண்டாம். பெரிய ஹோட்டல்கள் கூப்பிட்டு விருந்து வைத்தால்தான் யோசிக்க வேண்டும். காசோ இலவசமோ வாங்கி எழுதினால் அதை வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் அப்படி வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது.

மாசி வீதி: வருஷத்துக்கு 20,000 ரூபாய்க்கு முட்டை பரோட்டா தின்றால், வரி பிடிப்பதற்கு முன்னால் டாக்டர் பிடித்துக்கொள்வார் சார்.

கீழவாசல் மகள்: கடைக்குப் பின்னால் வெங்காயம் உரிக்கிற, மாவு ஆட்டுகிற அக்காக்கள் ஆண்களிடம் அவ்வளவாகப் பேச மாட்டார்கள். என்னிடம் பேசுவார்கள். சௌராஷ்டிரர்கள் நிறைய இருக்கும் ஒரு தெருவில் சாயங்காலம் மட்டும் முள்முருங்கை வடை போடுகிறார் ஒரு அம்மா. ஊறவைத்த அரிசியோடு இலையை அரைத்து, மிளகு தட்டிப் போட்டு, பூரி மாதிரி தட்டிப் பொரிக்கிறார். சளி பிடித்தவர்கள் தேடிப் போய்ச் சாப்பிடுவது. அவரைப் பற்றி எழுதியதற்கு எனக்கு ஒரு போத்து ஒடித்துக் கொடுத்தார். இப்போது எங்கள் வீட்டு மாடிப்படி ஓரத்தில் முள்முருங்கை மரமே நிற்கிறது.

ஒரு தொல்லையும் உண்டு. பழகிவிட்டால் குறை எழுதக் கை வராது. எண்ணெய் காறியிருந்தால் காதோடு சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன், எழுதுவதில்லை. படிக்கிறவர்களுக்கு இது நியாயமா என்ற உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது.

திருமங்கலத்தான்: அக்கா, அந்த வடை எந்தத் தெருவில்?

கீழவாசல் மகள்: தெருப் பெயரைப் போட வேண்டாம் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார் தம்பி. கூட்டம் வந்தால் அவரால் போட்டு மாளாது. விளக்குத்தூண் பக்கம் வந்து விசாரியுங்கள், வழி சொல்வார்கள். ஆறரைக்குள் வந்துவிடுங்கள், மாவு தீர்ந்துவிடும்.