அரை எச்.பி. மோட்டார் தினமும் காலையில தண்ணி எடுக்க மாட்டேங்குது. மோட்டாரை மாத்தணுமா?

வைகைக்கரை:
மாப்ளைகளா, வீட்டு மோட்டார் ஒரு மாசமா படுத்துது. அரை எச்.பி. செல்ஃப் பிரைமிங் மோனோபிளாக், 7 வருசமா ஓடுது. சம்ப் 6 அடி நீளம், 5 அடி அகலம், 5 அடி ஆழம். சக்‌ஷன் பைப் (சம்ப்லருந்து மோட்டாருக்குத் தண்ணி இழுக்கறது) ஒரு இன்ச் பி.வி.சி., மொத்தம் பத்தடி இருக்கும். மொட்டை மாடியில 500 லிட்டர் டேங்க், மோட்டார்லருந்து 35 அடி உசரம்.

தினமும் காலையில பிரைமிங் நட்டைத் திறந்து ரெண்டு சொம்பு தண்ணி ஊத்தினாத்தான் எடுக்குது. முன்னாடி 25 நிமிசத்துல டேங்க் நிறையும், இப்ப 45 ஆகுது. மேல விழுற தண்ணி நடுநடுவுல துப்பித் துப்பி வருது. மோட்டாருக்கு அடியில ஒழுகல் இல்ல, சூடும் அதிகமில்ல. பார்க்க வந்த மெக்கானிக் மோட்டார் போச்சு, புதுசு போடுங்கன்னுட்டார். பக்கத்து வீட்டுல, சம்பை விடு, கார்ப்பரேஷன் லைன்லயே நேரா மோட்டாரை மாட்டுங்கறாங்க. என்னடா செய்யலாம்?

திருப்புளி:
மாப்ள, புது மோட்டார் வாங்காத. தண்ணி ஊத்தினா எடுக்குதுல்ல, சூடும் ஏறலைல்ல, அப்ப வைண்டிங்ல, அதான் உள்ள இருக்கற கம்பிச் சுருள்ல, கோளாறு இல்ல. சக்‌ஷன் பக்கம்தான் கோளாறு. புது மோட்டாரை அதே பைப்புல மாட்டினா அதுவும் இதே மாதிரிதான் படுத்தும்.

நீ சொல்றதுல ரெண்டு கோளாறு கலந்து கிடக்கு. நிறுத்தி வச்சிருக்கறப்ப தண்ணி கீழ இறங்குறது ஒண்ணு, ஓடுறப்ப காத்து உள்ள போறது இன்னொண்ணு. காலையில தண்ணி ஊத்த வேண்டியிருக்கறது முதலாவது. துப்பித் துப்பி வர்றது ரெண்டாவது. தனித்தனியா பாரு.

சாயங்காலம் அஞ்சு நிமிசம் ஓட்டி நிறுத்து. ஒரு மணி நேரம் கழிச்சு, மெயினை ஆஃப் பண்ணிட்டு, பிரைமிங் நட்டை அரைச் சுத்து மட்டும் மெதுவா லூஸ் பண்ணு. முகத்தைத் தள்ளி வச்சுக்க. மேல 35 அடி தண்ணி நிக்குதுன்னா ஒரு கிலோ பிரஷருக்கு மேல இருக்கும், பீச்சி அடிக்கும். அடிச்சா ஃபுட் வால்வு (சம்ப்புக்குள்ள பைப்போட அடி முனையில, தண்ணி திரும்ப இறங்காம பிடிக்கற வால்வு) நல்லாயிருக்கு. தண்ணி வராம உஸ்ஸுன்னு காத்தை உள்ள இழுத்தாலோ, ஒண்ணுமே இல்லாட்டியோ, ஃபுட் வால்வு தண்ணியைப் பிடிச்சு நிறுத்தல. டெலிவரியில, அதான் மேல டேங்குக்குப் போற பைப்புல, என்.ஆர்.வி. (தண்ணியைத் திரும்பி வரவிடாத வால்வு) போட்டிருந்தா மட்டும் இந்தச் சோதனையை நம்பாத, மேல நிக்கிற தண்ணியை அது தடுத்து வச்சிருக்கும்.

செல்ஃப் பிரைமிங்தானே, காலி பைப்பா இருந்தாலும் அதுவே இழுக்கணுமேன்னு கேப்ப. புதுசுல இழுக்கும். இம்பெல்லருக்கும் (தண்ணியைத் தள்ளற சக்கரம்) கேசிங்குக்கும் (அதைச் சுத்தி இருக்கற கூடு) நடுவுல இருக்கற மெல்லிசான இடைவெளி மணல் பட்டுத் தேஞ்சு பெருசாயிட்டா, காத்தை வெளியேத்தற தெம்பு குறைஞ்சுபோகும். ஏழு வருசத்துல கொஞ்சம் தேஞ்சிருக்கும். ஃபுட் வால்வு நல்லாயிருந்தா அந்தத் தேய்மானம் வெளிய தெரியாது.

ஃபுட் வால்வைக் கழட்ட: மோட்டார் பக்கத்துல யூனியன் (திருகிக் கழட்டி மாட்டற ஜாயிண்ட்) இருந்தா அதைத் திற. இல்லாட்டி மோட்டார்லருந்து அரையடி தள்ளி ஹேக்சாவால நேரா அறுத்து, திரும்ப ஒட்டறப்ப யூனியன் போட்டுரு, அடுத்த தடவை அறுக்க வேண்டியதில்ல. வால்வுக்குள்ள ரப்பர் வாஷரைப் பாரு. கல்லாட்டம் கெட்டியாகி வட்டமாத் தடம் விழுந்திருந்தா மாத்து. பல சமயம் ஒரு மணலோ நாரோ சீட்டுல மாட்டியிருக்கும், அவ்வளவுதான். மாட்டறதுக்கு முன்னாடி ஒரு துண்டு பைப்பைத் திருகி, நிமித்திப் பிடிச்சுத் தண்ணி ஊத்தி பத்து நிமிசம் பாரு. சொட்டக் கூடாது. புதுசு வாங்கினாலும் இதைப் பண்ணு. என் ஓட்டு பித்தளைக்குத்தான், வாஷர் மட்டும் தனியா மாத்திக்கலாம்.

டெஃப்லான் டேப் எட்டு, பத்து சுத்து, திருகற திசையிலேயே சுத்து. பிளாஸ்டிக் மரையில சணல் சுத்தி இறுக்காத, விரிசல் விடும். வால்வு சம்ப் தரையிலருந்து அரையடியாவது மேல நிக்கட்டும், அதுக்கு மேல ஒரு அடி தண்ணி எப்பவும் இருக்கணும். தண்ணி அதுக்கும் கீழ போனா சுழிச்சுக்கிட்டு காத்து உள்ள போகும், அது வால்வு மேல தப்பில்ல.

மாடித்தொட்டி:
பங்காளி, தெருக் குழாயில நேரா மோட்டார் மாட்டற வேலையே வேணாம். அது விதிக்கு விரோதம், மோட்டாரையே எடுத்துட்டுப் போவாங்க. அதைவிடப் பெரிய விசயம், நீ உறிஞ்சறப்ப தெரு லைனுக்குள்ள பிரஷர் செத்துப்போகும். எங்கயாவது ஜாயிண்ட் விட்டிருந்தா, பக்கத்துல ஓடற சாக்கடைத் தண்ணி அது வழியா உள்ள வரும். உன் வீட்டுக்கு மட்டுமில்ல, தெருவுல இருக்கற குழந்தைங்க குடிக்கற தண்ணியும் கெட்டுப்போகும். அந்தத் தெருவுல கடைசி வீட்டுக்காரனுக்குத் தண்ணியே எட்டாது. லைன் தண்ணி தானா வந்து சம்ப்புல விழட்டும்.

வால்வு மாத்தினதுக்கப்புறம் பிளீச்சிங் பவுடர் போடு, கையும் பைப்பும் தண்ணியில பட்டிருக்கும். 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கு. உன் சம்ப்புல 4 அடி தண்ணின்னா 6 பெருக்கல் 5 பெருக்கல் 4, 120 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர், ஏறக்குறைய 3,400 லிட்டர். 14 கிராம் போதும். வாளியில கரைச்சு, சுண்ணாம்பு அடியில தங்கினதும் தெளிவை மட்டும் ஊத்து. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் மேல ஏத்தணும்.

சம்ப்புக்குள்ள இறங்காமலே பைப்பை மேல தூக்கி வேலையைப் பாரு. இறங்கியே ஆகணும்னா மூடியை நல்லா நேரம் திறந்து போட்டு, வெளிய ஒரு ஆளை நிறுத்திட்டு, மோட்டார் கரண்டை மெயின்ல நிறுத்திட்டுத்தான் இறங்கணும். மூடியே கிடந்த சம்ப்புல காத்து கெட்டிருக்கும். மயங்கினவரைத் தூக்கப் போன ஆளும் சேர்ந்து போயிருக்காங்க, விளையாட்டில்ல.

வைகைக்கரை:
சோதனை பண்ணேன்டா. நட்டை லூஸ் பண்ணதும் உஸ்ஸுன்னு இழுத்துச்சு, தண்ணி இல்ல. வால்வைக் கழட்டினா வாஷர் கெட்டியாகி நடுவுல நார் மாட்டிக்கிடந்துச்சு. புது பித்தளை வால்வு போட்டாச்சு. இப்ப காலையில ஊத்தாமலே எடுக்குது. 500 லிட்டருக்கு 32 நிமிசம். ஆனா துப்பறது நிக்கல. மோட்டாருக்கு முன்னாடி இருக்கற எல்போ ஜாயிண்ட்ல இப்பத்தான் லேசா ஈரம் தெரியுது. முன்னாடி இல்ல. வால்வு மாத்தறப்ப நான் கெடுத்துட்டேனா?

திருப்புளி:
நீ கெடுக்கல, ஒளிஞ்சிருந்தது வெளிய வந்திருக்கு. முன்னாடி மோட்டாரை நிறுத்தினா பைப் காலியாயிரும், ஒழுகத் தண்ணியே இருக்காது. இப்ப வால்வு பிடிக்குதுல்ல, மேல நிக்கற 35 அடி தண்ணியோட பிரஷர் சக்‌ஷன் பைப்புலயும் இருக்கு. அதான் ஊசிமுனை ஓட்டையிலயும் ஈரம் கசியுது. ஓடறப்ப அதே ஓட்டை காத்தை உறிஞ்சும். நம்பலைன்னா ஓடவிட்டுட்டு அந்த ஜாயிண்ட்ல கெட்டியா சோப்பு நுரை தடவு, நுரை உள்ள இழுபடும்.

வெளிய பசை அப்பறது கொஞ்ச நாளைக்குத்தான். எல்போவை அறுத்துட்டுப் புதுசு போடு. பைப் முனையை நேரா அறு, பிசிறை எடு, உப்புத்தாள் போட்டு ரெண்டு பக்கமும் சொரசொரப்பாக்கு, ஈரம் சுத்தமாத் துடை. சால்வென்ட் சிமெண்டை பைப்புலயும் எல்போ உள்ளயும் தடவி, கடைசி வரைக்கும் தள்ளி, கால் சுத்து திருப்பி அரை நிமிசம் அழுத்திப் பிடி. சக்‌ஷன் பக்கம்கறதால ராத்திரி முழுக்கக் காயட்டும். ஒட்டறப்ப பைப் சம்ப்லருந்து மோட்டார் வரைக்கும் ஏறுமுகமாவே போகுதான்னு பாரு. நடுவுல மேடு இருந்தா அங்க காத்து தங்கி நிக்கும்.

அதுக்கப்புறமும் 30 நிமிசத்துக்கு மேல ஆச்சுன்னா கண்டென்சரைப் பாரு. வலு குறைஞ்சா மோட்டார் வேகமும் குறையும். அரை எச்.பி.க்குப் பெரும்பாலும் 10 மைக்ரோஃபாரட், 440 வோல்ட், ஆனா பழசு மேல என்ன அச்சடிச்சிருக்கோ அதையே வாங்கு. தொடறதுக்கு முன்னாடி மெயின் ஆஃப், ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு குண்டு பல்பை வச்சு டிஸ்சார்ஜ் பண்ணிரு. அதுவும் சரின்னா இம்பெல்லர் தேய்மானம்தான். கேசிங்கைத் திறக்கறப்ப மெக்கானிக்கல் சீலையும் (சுத்தற தண்டு வழியாத் தண்ணி ஒழுகாம தடுக்கறது) சேத்து மாத்திரு. பழசைக் கடைக்கு எடுத்துட்டுப் போய் அளவு பார்த்து வாங்கு. ரப்பர்ல எண்ணெய் கிரீஸ் படக் கூடாது, சோப்புத் தண்ணி தொட்டு ஏத்து. சீலோட கார்பன் முகத்துல விரல் வைக்காத. மாட்டினதும் கேசிங் நிறையத் தண்ணி ஊத்திட்டுத்தான் சுவிட்சைப் போடணும், காய்ஞ்சு ஓடினா புது சீல் அப்பவே கருகிரும்.